காலந்தவறிய வெள்ளம்: மெக்கொங் ஆறு கூறும் சாட்சியம்

(கமக்காரரும் நன்னீர் மீனவரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஆற்று நீரும் அதில் வாழும் மீனும். அரசியல் மேடையில் மீனைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். ஓர் ஆற்றின் நீரை எப்போது தடுப்பது, எப்போது திறப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் எவர் கையில் இருக்கிறதோ, அவர் கையிலேயே அந்த ஆற்றங்கரை மக்களின் சோறும் கறியும் இருக்கின்றன. சோறும் கறியும் அரசியலன்று என்று சொல்லும் துணிவு நமக்கில்லை.

ஆற்றின் ஓட்டம் மாறும்போது மீனினங்கள் எவ்வாறு மாறுகின்றன என்பதைத் தெளிவாகக் காட்டும் ஆறுகளுள் ஒன்று தென்கிழக்காசியாவின் மெக்கொங். திபெத்திய மேட்டுநிலத்திற் பிறந்து சீனா, மியன்மார், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்னாம் ஆகிய ஆறு நாடுகளைத் தொட்டு, நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடித் தென்சீனக் கடலில் விழும் பேராறு அது. எண்ணூறுக்கும் மேற்பட்ட மீனினங்கள் அதில் அறியப்பட்டுள்ளன. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 20 இலட்சம் தொன் மீன் அந்த ஆற்றுப்படுகையிற் பிடிபடுகிறது என்பது கணக்கு. உழுதவரும் விதைத்தவரும் இல்லாமல் விளையும் அறுவடை அது. அந்த அறுவடைக்கு இன்று நேர்ந்திருப்பது யாது என்பதையே உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

“ஒரு துளியும் எடுக்கவில்லை”

நீர்மின் அணை கட்டுவோர் எந்நாட்டிலும் கூறும் வாதம் ஒன்றுண்டு. “நாங்கள் ஆற்று நீரைக் குடித்துத் தீர்க்கவில்லை. தேக்கி வைக்கிறோம், பொறியைச் சுழற்றுகிறோம், மறுபடியும் அதே ஆற்றில் விடுகிறோம். ஆண்டு முடிவிற் கணக்குப் பாருங்கள். கீழ்நாட்டாருக்குச் சேரவேண்டிய நீரிற் பெருங்குறைவு எதுவும் இராது. வெள்ளகாலத்தில் அடக்குகிறோம், வரட்சியிற் கொடுக்கிறோம். இது உபகாரமேயன்றி அபகாரமன்று” என்பார்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடும் எடுத்துரைத்த பின்னரே மறுக்கவேண்டும் என்பது நாம் பயின்ற தொழிலின் மரபு. ஆகவே இந்த வாதத்தில் உண்மையில்லை என்று நாம் கூறமாட்டோம். வெள்ளத்தைத் தணிப்பதால் நகரங்களுக்கு நன்மையுண்டு. வரட்சியில் நீர் கூடினால் வயலுக்கும் படகுக்கும் நன்மையுண்டு. மின்சாரம் எவருக்கும் வேண்டாத பொருளன்று. ஆயினும் இந்த வாதம் ஒன்றை மறைக்கிறது.

கமக்காரரான உங்களையே கேட்கிறோம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யவேண்டிய மாரிமழை அம்மாதங்களிற் பெய்யாமல், அதே அளவு மழை பங்குனியிலும் சித்திரையிலும் பெய்தால், ஆண்டு மழைக்கணக்கு நேராகத்தான் இருக்கும். காலபோகம் விளையுமா? மழைமானியிற் குறைவில்லை என்று சொல்லி எவராவது உங்களைச் சமாதானப்படுத்த முடியுமா? நெல்லுக்கு எப்படியோ அப்படியே மீனுக்கும். நீரின் அளவும் வேண்டும். நீரின் பருவமும் வேண்டும். அளவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பருவத்தை எடுத்துக்கொண்டவன், கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டதாக வாதாட முடியாது.

இது வெறும் மேடைப் பேச்சன்று. 1997ஆம் ஆண்டில் லெரோய் பொஃப் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஆற்றின் இயற்கையான ஓட்டத்தை ஐந்து அம்சங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். எவ்வளவு நீர் வருகிறது, எத்தனை முறை வருகிறது, எவ்வளவு காலம் நிற்கிறது, எப்போது வருகிறது, எவ்வளவு விரைவாக ஏறி இறங்குகிறது என்பனவே அந்த ஐந்தும். அணைக்காரரின் வாதம் இவற்றில் முதலாவதை மட்டுமே, அதையும் ஆண்டுக்கு ஒருமுறையே, கணக்கில் எடுக்கிறது. மீனோ ஐந்தையும் நம்பி வாழ்கிறது.

திரும்பி ஓடும் ஆறு

கம்போடியாவின் நடுவே தொன்லே சாப் என்றொரு பெரிய ஏரி உண்டு. அந்த ஏரியையும் மெக்கொங் ஆற்றையும், நூறு கிலோமீற்றருக்கு மேல் நீளமான, அதே பெயர் கொண்ட ஓர் ஆறு இணைக்கிறது. இரண்டும் கூடும் இடத்திலேயே தலைநகரான நொம் பென் அமைந்துள்ளது.

வரண்ட காலத்தில் ஏரியின் நீர் இந்த ஆற்று வழியாக மெக்கொங்கை நோக்கி வடிகிறது. தென்மேல் பருவமழை தொடங்கி மெக்கொங் பெருகியதும், பேராற்றின் மட்டம் ஏரியின் மட்டத்தை விஞ்சிவிடுகிறது. அப்போது இணைப்பாறு நின்று, திரும்பி, ஏரியை நோக்கி எதிர்த்திசையில் ஓடத் தொடங்குகிறது! வைகாசி, ஆனியளவில் திரும்பும் ஓட்டம் புரட்டாதியளவிலேயே பழைய திசைக்கு மீள்கிறது. வரண்ட காலத்தில் ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீற்றராகச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, நல்ல வெள்ளம் வந்த ஆண்டில் 15,000 சதுர கிலோமீற்றர் அளவுக்கு விரிகிறது. ஓராள் நின்று நடக்கக்கூடிய ஆழம் எட்டு, ஒன்பது மீற்றராக உயர்கிறது. கரையைச் சூழ்ந்த காடுகள் மாதக்கணக்கில் நீருக்குள் மூழ்கி நிற்கின்றன.

அந்த மூழ்கிய காடே மீனின் வயல். இலையும் காயும் பூச்சியும் புழுவும், வெள்ளம் சுமந்து வந்த வண்டலில் விளையும் பாசியும் மீன்குஞ்சுகளுக்கு உணவாகின்றன. வேரும் கிளையும் அவற்றுக்கு ஒளிவிடமாகின்றன. 1989ஆம் ஆண்டில் வொல்ஃப்காங் யுங்க் முதலான அறிஞர் மூவர் உலகின் பெரிய ஆறுகளை ஒப்பிட்டு, ஆற்றின் மீன்வளத்தை ஆக்குவது ஆண்டுதோறும் கரைபுரண்டு ஏறி இறங்கும் வெள்ளத் துடிப்பே என்று விளக்கினார்கள். அந்தத் துடிப்பைக் கண்ணாரக் காணவேண்டுமாயின் தொன்லே சாப்பையே காணவேண்டும்.

இனி, கால ஒழுங்கைக் கவனியுங்கள். பல மீனினங்கள் வரண்ட காலத்தில் வடகம்போடியாவில் மெக்கொங் ஆற்றின் ஆழ்மடுக்களில் ஒதுங்கிக் கிடக்கின்றன. புது வெள்ளத்தின் முதல் ஏற்றமே அவற்றுக்கு அழைப்பு. நீர் ஏறும்போது சினையிடுகின்றன. முட்டைகளும், நீந்தும் வலுவில்லாத இளங்குஞ்சுகளும் ஓட்டத்தோடு கீழ்நோக்கி மிதந்து வருகின்றன. அவை நொம் பென்னை அடையும் வேளையில் இணைப்பாறு ஏரியை நோக்கித் திரும்பி ஓடிக்கொண்டிருந்தால், ஓட்டமே அவற்றைக் கையிலேந்திக்கொண்டுபோய் மூழ்கிய காட்டுக்குள் விடுகிறது. ஓட்டம் இன்னும் திரும்பவில்லையென்றால்? குஞ்சுகள் அவ்விடத்தைக் கடந்து கடற்பக்கம் போய்விடுகின்றன. மீனின் வருங்காலம் இரண்டு நாட்காட்டிகள் பொருந்துவதிலே தங்கியிருக்கிறது; ஒன்று மீனின் வயிற்றிலுள்ளது, மற்றது ஆற்றின் மட்டத்திலுள்ளது.

வெண்மீனும் கருமீனும்

மெக்கொங் கரை மக்கள் மீன்களை வெண்மீன், கருமீன் என்று இருவகையாகப் பிரிப்பர். அறிஞரும் அந்தப் பகுப்பை ஏற்றுக்கொண்டுள்ளனர்.

வெண்மீன் நெடுந்தூரம் செல்லும் மீன். ஆழ்மடுவிலிருந்து வெள்ளக்காட்டுக்கும், காட்டிலிருந்து மடுவுக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வலசை போவது. உயிர்வளி நிறைந்த ஓடுநீர் அதற்கு இன்றியமையாதது. கருமீனோ தாழ்நிலத்துக் குட்டையிலும் சதுப்பிலுமே வாழ்ந்து தீர்க்கும். நீர் வற்றி வெதும்பினாலும் மேற்பரப்புக்கு வந்து காற்றை உண்டு உயிர்தாங்கும். நம் குளத்து விராலும், கெளிறும், பனையேறிக் கெண்டையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. அவற்றின் உறவினங்கள் மெக்கொங்கிலும் உண்டு.

வெண்மீன்களுட் புகழ்பெற்றது ‘றியெல்’ என்னும் சிறு கெண்டை. கம்போடிய நாணயத்தின் பெயரும் அதுவே. மார்கழியிலும் தையிலும் பூரணைக்கு முந்திய நாட்களில், வடியும் நீரோடு இம்மீன் கூட்டங்கூட்டமாக ஏரியை விட்டு வெளியேறும். இணைப்பாற்றின் குறுக்கே வரிசையாகக் கட்டிய பெரும் பைவலைகளில் அது குவியும். அதைப் பதப்படுத்தி ‘பிரகொக்’ என்னும் மீன்கலவையாக்கி, ஏழை உழவன் வீட்டிலும் ஆண்டு முழுவதும் வைத்து உண்பார்கள். மறுகோடியில் இருப்பது மெக்கொங்கின் இராட்சதக் கெளிறு. 2005ஆம் ஆண்டில் தாய்லாந்திற் பிடிபட்ட ஒன்று 293 கிலோகிராம் எடையிருந்தது. அந்த இனம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

ஓட்டம் மாறும்போது எல்லா மீனும் ஒரே நாளில் மடிவதில்லை. முதலிலே நெடுவழி செல்லும் பெரியன குறைகின்றன. பருவமடையப் பல ஆண்டு எடுக்கும் மீன், தொடர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் வெள்ளம் தவறினால் ஈடுகொடுக்க மாட்டாது. ஓராண்டிலே பிறந்து வளர்ந்து சினையிடும் சிறுமீன் ஓரளவு தாங்கும். நிற்கும் நீருக்குப் பழகியது மேலும் தாங்கும். ஆகவே சந்தையிலே மீன் இருக்கிறது என்பது ஆறு நலமாயிருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. எந்த மீன் இருக்கிறது, எந்த அளவில் இருக்கிறது என்று கேட்கவேண்டும். மொத்த நிறையை மட்டும் எழுதிக்கொள்ளும் கணக்கப்பிள்ளைக்கு, ஒரு சமுதாயம் கலைந்து வேறொரு சமுதாயம் குடியேறியது தெரியவே தெரியாது.

நாட்காட்டி பிழைத்தது

மெக்கொங்கின் மேற்பகுதியைச் சீனர் லான்சாங் என்பர். அங்கே முதலாவது பேரணையான மான்வான் 1990களிற் கட்டிமுடிக்கப்பட்டது. இன்று அப்பகுதியின் பிரதான ஆற்றில் பத்துக்கும் மேற்பட்ட அணைகள் உள்ளன. அவற்றுள் சியாவானும் நுவோஷாடுவும் ஒரு பருவத்து வெள்ளத்தை மறுபருவத்துக்குத் தள்ளிவைக்கும் வல்லமையுடைய பெருந்தேக்கங்கள். கீழ்ப்பகுதியில் லாவோஸின் சயபுரி அணை 2019 ஒக்ரோபரிலும், டொன் சஹொங் அணை 2020இலும் தொழிற்படத் தொடங்கின. டொன் சஹொங் கட்டப்பட்ட கிளையோ, கோன் நீர்வீழ்ச்சிப் பகுதியிலே ஆண்டு முழுவதும் மீன் ஏறிச்செல்லக்கூடிய முதன்மையான வழியாக இருந்தது.

விளைவு யாது? வெள்ளகாலத்து நீர் குறைகிறது. வரண்ட காலத்து நீர் கூடுகிறது. கூடுவது நன்மைதானே என்பீர்கள். பல மாதம் மூழ்கி, சில மாதம் காய்ந்து வாழப் பழகிய கரையோர மரம், காயவேண்டிய மாதத்திலும் நீரில் நின்றால் வேரழுகி மடிகிறது. மரம் மடிந்தால் மீன்குஞ்சின் உணவும் நிழலும் மடிகின்றன. வெள்ளம் குறைந்தால் ஏரி விரியும் பரப்பும் குறைகிறது. சுமந்து வரவேண்டிய வண்டல் அணைகளின் பின்னே படிந்துவிடுகிறது. 2019 இறுதியில், செம்மண் நிறத்தோடு ஓடவேண்டிய மெக்கொங் தாய்லாந்து எல்லைப் பகுதிகளில் தெளிந்து நீலநிறமாகியது. கண்டோர் அழகென வியந்தனர்; ஆற்றை அறிந்த மீனவர் அஞ்சினர். அந்த நீலம் வண்டலற்ற, பசித்த நீரின் நிறம்.

அதே 2019ஆம் ஆண்டு ஆடி மாதத்தையும் நினைவிற் கொள்ளுங்கள். மழை பிந்தியது. அந்த வேளையிற் சீனாவின் ஜிங்ஹொங் அணை, பராமரிப்பு வேலையின் பொருட்டு விநாடிக்கு 1,000 கன மீற்றருக்கு மேலாக விட்டுவந்த நீரை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. அதே மாதத்தில் சயபுரியிலும் பரிசோதனை ஓட்டம் நடந்தது. ஆறு, அந்தப் பருவத்துக்கு அதுவரை காணாத தாழ்மட்டத்துக்கு இறங்கியது. தொன்லே சாப்பின் எதிரோட்டம் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மிகப் பிந்தியே தொடங்கியது. சினையிட்ட மீனின் குஞ்சுகள் வந்தன. ஏற்றுக்கொள்ளவேண்டிய ஓட்டம் வரவில்லை.

குற்றம் முழுவதையும் மேல்நாட்டு அணைகளின் தலையிற் சுமத்துவது நேர்மையாகாது. 2019இல் மழை உண்மையாகவே குறைந்தது. அளவுமீறிய மீன்பிடியும், கண்ணி சிறுத்த வலையும் பெருமீன்களை முன்னரே குறைத்திருந்தன. வெள்ளக்காடுகள் வயலுக்காக வெட்டப்பட்டும் எரிக்கப்பட்டும் வந்தன. ஆற்றடி மணலை அள்ளுவதால் ஆற்றின் மட்டம் தாழ்ந்து எதிரோட்டம் மேலும் நலிகிறது. கம்போடியாவும் தன் கையாலேயே கிளையாற்றில் அணை கட்டியது. கீழ் செசான் இரண்டு என்னும் அவ்வணை 2018இல் திறந்துவைக்கப்பட்டது. அது கட்டப்பட்டால் ஆற்றுப்படுகை முழுவதிலும் மீன்வளத்தின் நிறை 9.3 வீதம் குறையுமென்று 2012இலேயே ஓர் ஆய்வு கணித்துக் கூறியிருந்தது. எச்சரிக்கை இல்லாமல் நடந்ததன்று அது. எச்சரிக்கையைக் கடந்து நடந்தது. நோயாளி பலவீனமாக இருந்தான் என்பது அடித்தவனுக்கு விடுதலை தரும் வாதமாகாது என்பதை மட்டும் கூறி அமைகிறோம்.

உடன்படிக்கையின் எழுத்து

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1995 ஏப்ரல் 5ஆம் திகதி கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்னாம் ஆகிய நான்கு நாடுகளும் மெக்கொங் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டன. அதன் 6ஆம் உறுப்புரை உலகச் சட்டத்திலே அபூர்வமானது. வரண்ட காலத்தில் மாதந்தோறும் ஏற்கத்தக்க குறைந்தபட்ச ஓட்டத்தைப் பேணவும், வெள்ளகாலத்தில் தொன்லே சாப்பின் ஏற்கத்தக்க இயற்கை எதிரோட்டம் நிகழ இடமளிக்கவும் நாடுகள் ஒத்துழைக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. ஓர் ஆறு திரும்பி ஓடுவதை உறுதிமொழியாக எழுதிவைத்த உடன்படிக்கை இது!

ஆயினும் எழுத்தைக் கூர்ந்து படிப்பதே நம் தொழில். முதலாவது, இது ‘பேணுக’ என்னும் கட்டளையன்று. ‘பேணுதற்கு ஒத்துழைக்குக’ என்னும் கடப்பாடே. இரண்டாவது, எதிரோட்டத்தை ஏரி அடையவேண்டிய மட்டத்தால் அது வரையறுக்கிறது. தொடங்கவேண்டிய நாளால் வரையறுக்கவில்லை. ஒரு மாதம் பிந்தி வந்த வெள்ளம் எழுத்தின்படி குற்றமாகாமற் போகலாம். மீனுக்கோ அது மரணம். மூன்றாவது, வரலாறு காணாத கடும் வரட்சிக்கும் வெள்ளத்துக்கும் அது விதிவிலக்களிக்கிறது. காவல் எப்போது மிகவும் வேண்டுமோ அப்போதே காவலனுக்கு விடுமுறை! நான்காவது, கிளையாறுகளிற் கட்டும் அணைக்கு அறிவித்தல் கொடுத்தாற் போதும். மீனோ பிரதான ஆறு, கிளையாறு என்ற பேதம் அறியாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பெருந்தேக்கங்களைக் கட்டிய சீனா இந்த உடன்படிக்கையில் ஒரு தரப்பே அன்று. 1996 முதல் அது பேச்சுவார்த்தைப் பங்காளியாக மட்டுமே இருந்துவருகிறது. பன்னாட்டு ஆறுகளை நியாயமாகப் பங்கிட்டுப் பயன்படுத்தவும், பிறர்க்குப் பெருந்தீங்கு விளையாமற் காக்கவும் வகைசெய்யும் ஐக்கிய நாடுகள் சபையின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையையும் எதிர்த்து வாக்களித்த மூன்று நாடுகளுள் சீனா ஒன்று. கீழ்க்கரையோன் மேல்நாட்டு மண்டபத்திற் பேச இடமில்லை. மேல்நாட்டு மண்டபத்தின் முடிவோ அவன் வீட்டுச் சட்டிக்குள் வந்து விழுகிறது. 2020இல்தான், தன் எல்லைக்குள் இரண்டு நிலையங்களில் எடுக்கும் நீர்மட்ட விபரத்தை ஆண்டு முழுவதும் கீழ்நாடுகளுக்குத் தரச் சீனா இணங்கியது. அது நல்லதொரு முதற்படி. சான்றாவணம் எதிராளியின் பெட்டியிற் பூட்டிக்கிடக்கும்வரை வழக்கு நடவாது என்பதை வழக்கறிந்த எவரும் அறிவர்.

மூன் ஆற்று மக்கள்

ஆனால் மக்கள் கைகட்டி நின்றுவிடவில்லை. தாய்லாந்தின் மூன் ஆறு மெக்கொங்கிற் கலக்கும் இடத்துக்கு அண்மையிலே 1994இல் பாக் மூன் அணை கட்டிமுடிக்கப்பட்டது. அணைகள் பற்றிய உலக ஆணைக்குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, முன்னர் அந்த ஆற்றுத் தொகுதியிற் பதிவான மீனினங்கள் 265. அணையின் மேற்பக்கத்தில் அண்மைக் கணக்கெடுப்பிற் கண்டவை 96. அணைக்கு அடுத்த மேற்பக்கத்து மீன்பிடி 60 முதல் 80 வீதம்வரை வீழ்ந்தது. மீன் ஏறிப்போக ஓர் ஏணி கட்டியிருந்தார்கள். பொறியியலாளர் வரைபடத்தில் அந்த ஏணி அழகாயிருந்தது. மீன் பெரும்பாலும் அதில் ஏறவில்லை.

கிராமத்து மக்கள் அணையடியிற் குடிசை போட்டு இருந்தார்கள். பல ஆண்டுப் போராட்டத்தின் பின், 2001இல் மதகுகளை ஓராண்டு திறந்துவைக்க அரசாங்கம் இணங்கியது. அப்போது அந்த மக்கள் செய்த காரியம் நம் கவனத்துக்குரியது. அவர்கள் தாமே ஆராய்ச்சியாளரானார்கள். திரும்பி வந்த ஒவ்வொரு மீனையும் பிடித்து, அதன் உள்ளூர்ப் பெயர், வந்த காலம், சினையிடும் இடம் ஆகியவற்றைத் தம் மொழியிலே பதிந்துவைத்தார்கள். பல்கலைக்கழகத்து ஆய்வும் தனியே நடந்தது. ஓட்டம் திரும்பியது, மீனும் திரும்பியது. இறுதியில் ஆண்டுக்கு நான்கு மாதம் மதகு திறப்பது என்று அரசாங்கம் முடிவுசெய்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆயினும் ‘எவ்வளவு நீர்’ என்ற கேள்வி ‘எந்த மாதம்’ என்ற கேள்வியாக மாறியது. சாட்சிக் கூண்டிலே ஏற்றப்படாதிருந்த மீனவன், தன் நாட்குறிப்போடு தானே ஏறி நின்றான்.

“கட்டிய அணையை என்ன செய்வது?” என்று மனந்தளர்வோருக்கு வேறொரு கண்டத்திலிருந்தும் பதிலுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிளென் கன்யன் அணை 1963இல் நீர் தேக்கத் தொடங்கியது. ஆழத்திலிருந்து விடப்பட்ட நீர் கோடையிலும் குளிர்ந்து தெளிந்து ஓடியது. வெதுவெதுப்பான கலங்கல் நீருக்குப் பழகிய நாட்டுமீன்களுட் சில அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து மறைந்தன. குளிர்நீர் விரும்பும் வந்தேறி மீன் பெருகியது. 1992இல் அந்நாட்டுச் சட்டமன்றம், அணையின் கீழுள்ள பள்ளத்தாக்கின் நலன் கெடாதவாறு அணையை இயக்கவேண்டும் என்று சட்டம் இயற்றியது. 1996இல் ஏழு நாட்கள் செயற்கை வெள்ளம் திறந்துவிட்டு ஆற்றைச் சோதித்தார்கள். ஒரு வெள்ளத்தால் இழந்ததெல்லாம் மீளவில்லை. எனினும் அணையின் திறவுகோல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்ற நெறி நிலைநாட்டப்பட்டது.

நமது குளமும் நமது கேள்வியும்

இவையெல்லாம் தூரதேசத்துக் கதையல்ல. நம் தீவிலே பெரிய இயற்கை ஏரிகள் இல்லை. நம் நாட்டுமீன்களுட் பெரும்பாலானவை ஓடுநீருக்கும் வெள்ளச் சதுப்புக்கும் பழகியவை. ஆறுகளை மறித்து நாம் கட்டிய குளங்களின் அகன்ற, நிற்கும் நீரை அவை முழுமையாக நிரப்ப முடியவில்லை. 1952இல் ஆபிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா இங்கே கொண்டுவந்து விடப்பட்டது. இன்று நம் குளத்து மீன்பிடியின் முதுகெலும்பு அதுவே. பல குடும்பங்கள் அதனால் வாழ்கின்றன. அதை நாம் இகழவில்லை. நீர் ஓடும் விதத்தை மாற்றியவன் மீனின் குடிசனத்தையும் மாற்றுகிறான் என்பதற்கு நம் சட்டியே சான்று என்று மட்டும் கூறுகிறோம்.

மகாவலியின் நீர் 1976இல் பொல்கொல்லையிலே திருப்பப்பட்டது. 1985இல் விக்ரோறியா அணை திறக்கப்பட்டது. அந்த ஆறு கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கிறது. அதன் கீழ்க்கரையில் ‘வில்லு’ எனப்படும் வெள்ளச் சதுப்புகள் உள்ளன. மாரிவெள்ளம் ஏறி இறங்குவதே அவற்றின் உயிர். மலைநாட்டிலே மதகு திறக்கும் நாளை முடிவுசெய்வோர், மூதூர்ப் பக்கத்து மீனவனின் நாட்காட்டியையும் மேசைமேல் விரித்துவைக்கிறார்களா என்று கேட்பது பிழையாகுமா?

ஆகவே மூன்று கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறோம். ஒன்று: நீரைப் பங்கிடும் விதிகளில் அளவோடு காலமும் எழுதப்படவேண்டும். எந்த மாதத்தில், எத்தனை நாளைக்கு, எவ்வளவு மெதுவாக ஏற்றி இறக்குவது என்பதும் விதியாகவேண்டும். இரண்டு: அணைகளின் நீர்மட்டமும் திறப்பும் நாள்தோறும் பொதுமக்கள் அறியப் பகிரங்கப்படுத்தப்படவேண்டும். மூன்று: போகத்துக்கு நீர் விடும் நாளைத் தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டங்களில், அதே குளத்தை நம்பியிருக்கும் மீனவருக்கும் ஓர் இருக்கை வேண்டும். கமக்காரரும் மீனவரும் ஒருவருக்கொருவர் பகைவரல்லர். இருவரும் ஒரே மதகின் கீழ்க்கரையோர்.

கோரிக்கை மட்டும் போதாது, சான்றும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஊர் மீனவர் சங்கமும் இந்த மாரி தொடக்கம் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளட்டும். எந்த நாளில் நீர் ஏறியது, எந்த மீன் சினையோடு வந்தது, எந்த மீன் வரவில்லை என்று எழுதிவையுங்கள். எழுதும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். சொல்லக்கூடிய முதியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கொப்பிகளைத் தாருங்கள். அவற்றை எடுத்துக்கொண்டு அதிகாரிகள் முன்னும், வேண்டுமாயின் நீதிமன்றத்தின் முன்னும் செல்லும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.